கரிசல் மண்ணில் கனரக லாரிச் சாலை: கிராவல் கொண்டு மாற்றுவதா, சுண்ணாம்பு கலப்பதா?

வைப்பாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில், தனியார் ஆலை ஒன்றின் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை 2.4 கிலோமீட்டர் நீளத்துக்கு அணுகுசாலை அமைக்கும் வேலையில் தளப் பொறியாளராக இருக்கிறேன். ஆலையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லாரிகள் முழுச் சுமையுடன் வெளியேறும். திரும்பும்போது பெரும்பாலும் வெறும் வண்டியாகவே வரும். மிகுதியானவை மூன்று அச்சு லாரிகள். இதே தடத்தில் முன்பு போடப்பட்டிருந்த தார்ச்சாலை, முதல் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதுமே இரண்டு ஓரங்களிலும் நீளவாக்கில் வெடித்தது. அடுத்த ஐப்பசி மழையில் அந்த வெடிப்புகளின் வழியே நீர் இறங்கியதில், சக்கரத்தடம் முழுவதும் பள்ளமாகிவிட்டது.

இப்போது எடுத்த மண் பரிசோதனையின் முடிவுகள் பின்வருமாறு. திரவ எல்லை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈரப்பதம்) 72. நெகிழ்வுக் குறியீடு (மண் பிசையக்கூடிய களியாக இருக்கும் ஈரப்பத வரம்பின் அளவு) 44. கட்டற்ற வீக்கக் குறியீடு 95 சதவீதம். வீக்க அழுத்தம் 120 கிலோபாஸ்கல். நான்கு நாள் ஊறவைத்த மாதிரியின் சி.பி.ஆர். (மண்ணின் தாங்குவலிமையைக் காட்டும் எண்) 1.8 சதவீதம். அதிகபட்ச உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.52 டன், அதற்குரிய உகந்த ஈரப்பதம் 25 சதவீதம்.

எங்கள் முன் மூன்று யோசனைகள் இருக்கின்றன. கரிசலை 1.1 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி அகற்றிவிட்டு, செம்மண் கிராவல் நிரப்ப வேண்டும் என்கிறார் ஆலோசகர். ஆறு சதவீதம் சிமென்ட் கலந்தால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். லிட்டர் கணக்கில் விற்கப்படும் ஒரு திரவ ரசாயனத்தைத் தெளித்தாலே மண் கல்லாகிவிடும் என்கிறார் அதன் விற்பனை முகவர். சுண்ணாம்பைப் பற்றி நானாகப் படித்திருக்கிறேன்; ஆனால் கனரகப் போக்குவரத்துக்கு அதை நம்பலாமா என்று தெரியவில்லை. இப்போது சித்திரை, புரட்டாசிக்குள் வேலையை முடிக்கச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய ரோலர்

ஓய்வுபெறும் வரை சாலைப்பணியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பட்டியலைப் பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் 1.8 என்ற சி.பி.ஆரைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். வலுக்குறைவு மட்டும் என்றால் அதைத் தடிமனால் சரிக்கட்டிவிடலாம். இந்தச் சாலையைக் கெடுக்கப்போவது வீக்கக் குறியீடு 95, வீக்க அழுத்தம் 120 என்ற மற்ற இரண்டு எண்கள்தான். பத்து கிராம் மண்ணை மண்ணெண்ணெயில் இட்டால் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, நீரில் இட்டால் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பிடிக்கிறது என்பதே 95இன் பொருள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, வீக்கக் குறியீடு 50ஐத் தாண்டிய களிமண்ணைக் கரை (சாலையை உயர்த்தும் மண்மேடு) நிரப்பக்கூட ஏற்பதில்லை. சப்கிரேடும் (ஜல்லி, தார் அடுக்குகளுக்கு நேர் கீழே கெட்டித்துப் போடும் மண் அடுக்கு) அதற்குக் கீழே உள்ள 500 மி.மீ.யும் வீங்காத மண்ணாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

மேலே போடும் சாலையின் எடை இந்த மண்ணை அழுத்தி வைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த தடிமனில் ஜல்லியும் மண்ணும் தாரும் சேர்ந்து கொடுக்கும் அழுத்தம் 22 கிலோபாஸ்கல் அளவுதான். உங்கள் மண்ணோ 120 கிலோபாஸ்கலால் மேலே தள்ளுகிறது. எனவே எடையால் இதை அடக்க முடியாது. மண்ணின் குணத்தை மாற்ற வேண்டும், அல்லது அதன் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனரகச் சாலைக்கு இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டியிருக்கும்.

பழைய சாலை ஓரத்தில் முதலில் வெடித்ததற்கும் இதுவே காரணம். தார்ப் பரப்பின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள கரிசல், ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ நிலையான ஈரத்துக்கு வந்துவிடும். ஓரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் உள்வரை உள்ள மண்தான் மழையில் ஊதி, பங்குனி சித்திரையில் சுருங்கி, ஆண்டுதோறும் ஆடிக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி அசையாமல் நிற்க ஓரம் மட்டும் இறங்கும்போது, இரண்டுக்கும் இடையே தார் நீளவாக்கில் கிழிகிறது. அந்தக் கிழிசல் வழியே இறங்கும் நீரை லாரிச் சக்கரம் மண்ணோடு சேர்த்துப் பிசைந்துவிடுகிறது. ஆகவே எந்த முறையைத் தேர்ந்தாலும் அது தார்ப் பரப்பின் அகலத்தோடு நிற்கக்கூடாது. தார்ப் பரப்புக்கு வெளியே இருபுறமும் உள்ள தோள்கள் உட்பட முழு அகலத்துக்கும், உங்கள் சாலைக்குச் சுமார் 12 மீட்டர் அகலத்துக்கும், அதைச் செய்தாக வேண்டும். செலவைக் குறைப்பதாக நினைத்துத் தோளை விட்டுவிட்ட கரிசல் சாலைகள் நம் மாவட்டங்களில் எத்தனையோ உள்ளன. அவற்றைக் காரில் போகும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

இனி சுமைக்கு வருகிறேன். 2018இல் அச்சுச் சுமை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு, இரட்டை அச்சு ஒன்று 21 டன் வரை சட்டப்படியே சுமக்கலாம். முன் அச்சையும் சேர்த்துக் கணக்கிட்டால், விதிமீறல் இல்லாத ஒரு மூன்று அச்சு லாரி கடந்து போவது 80 கிலோநியூட்டன் தர அச்சு (வடிவமைப்புக்கு அளவுகோலாகக் கொள்ளும் அச்சு) ஐந்து முறை கடந்து போவதற்குச் சமம். 250 லாரி, 365 நாள், 15 ஆண்டு என்று பெருக்கினால், வளர்ச்சி விகிதம் எதையும் சேர்க்காமலே 68 லட்சம் தர அச்சுகள் வருகின்றன. இருவழிச் சாலைக்கு மொத்தப் போக்குவரத்தில் பாதியை ஒரு தடத்துக்கு எடுப்பதாக உங்கள் ஆலோசகர் கணக்கிட்டிருந்தால் கவனியுங்கள்: வண்டிகளை எண்ணும்போது பாதிதான், ஆனால் சுமை முழுவதும் வெளியேறும் தடத்தின் மேல்தான் போகிறது. அந்தத் தடத்தை வைத்தே வடிவமைக்க வேண்டும். போக வர நாளுக்கு 450 வணிக வாகனங்களைத் தாண்டுவதால், இந்திய சாலைக் காங்கிரசின் தார்ச்சாலை வடிவமைப்பு வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 37இன் படி சப்கிரேடின் பயனுறு சி.பி.ஆர். (சப்கிரேடையும் அதன் கீழுள்ள மண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பு) குறைந்தது 5 சதவீதம் இருந்தாக வேண்டும்.

கிராவல் மாற்றும் யோசனையை எடுத்துக்கொள்வோம். 1.1 மீட்டர் ஆழம், 12 மீட்டர் அகலம் என்றால் கிலோமீட்டருக்கு 13,200 கன மீட்டர் கெட்டித்த மண் தேவை. தளர்ந்த அளவில் 16,000க்கும் மேல்; 15 கன மீட்டர் டிப்பரில் ஆயிரம் நடைக்கும் கூடுதல். அதே அளவு கரிசலை அள்ளி எங்காவது கொட்டவும் வேண்டும். குவாரி அனுமதி, நடைச்சீட்டு, தூரம் எல்லாம் கூடிவரும். ஆனால் என் பெரிய ஆட்சேபம் பணம் பற்றியதல்ல. தட்டையான கரிசல் நிலத்தில் பள்ளம் தோண்டி, நீர் எளிதாகப் புகும் கிராவலை நிரப்பினால், நீர் வடியாத தொட்டி ஒன்றைக் கட்டி அதன்மேல் சாலை போட்டதாகவே முடியும். மழைநீர் பக்கவாட்டில் உள்ளே வரும். வெளியேற வழி இருக்காது. தொட்டியின் அடியிலும் சுவரிலும் உள்ள கரிசல் மாதக்கணக்கில் ஊறும்.

சுண்ணாம்பு இதிலிருந்து வேறுபடுவது, அது கரிசலையே வேறு மண்ணாக மாற்றுவதால்தான். கரிசலில் உள்ள மான்ட்மாரில்லோனைட் என்ற களித்தாது, தன் மெல்லிய தகடுகளுக்கிடையே நீரை இழுத்துக்கொண்டு விரிவடைகிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அயனிகள் அந்தத் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றின் இடத்தைப் பிடித்ததும், களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு குருணையாகின்றன. ஓரிரு நாளிலேயே நெகிழ்வு குறைந்து, காலில் ஒட்டும் மண் உதிரும் மண்ணாக மாறுவதைக் கையாலேயே உணரலாம். இது முதல் கட்டம். போதுமான சுண்ணாம்பு இருந்து மண்ணின் காரத்தன்மை உயர்ந்தே நீடித்தால், களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து கால்சியத்தோடு சேர்ந்து சிமென்ட் போன்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. இந்த இரண்டாம் கட்டத்துக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். நம் ஊர் வெப்பம் அதற்குச் சாதகம். கனரகச் சாலைக்கு நாம் நம்பவேண்டியது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். இரண்டு சதவீதம் தூவிவிட்டு மண் உதிர்கிறதே என்று திருப்திப்பட்டால், சில மழைக்குப் பின் பழைய குணம் திரும்பக்கூடும்.

சிமென்ட் தவறான பொருள் இல்லை. ஆனால் நெகிழ்வுக் குறியீடு 44 உள்ள ஈரக் களியில் அது கலக்காது. கட்டிகளின் மேற்பரப்பில் பூச்சாக ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். முதலில் சுண்ணாம்பால் மண்ணை உதிரச் செய்துவிட்டு, பிறகு மேலடுக்கில் மட்டும் சிறிதளவு சிமென்ட் சேர்ப்பது நடைமுறையில் உள்ள வழி. திரவ ரசாயனத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். உங்கள் மண்ணிலேயே கலந்து, உங்களுக்கு நம்பிக்கையான ஆய்வகத்தில், நீரில் ஊறவைத்து எடுத்த சி.பி.ஆரும் வீக்க அழுத்தமும் கிடைத்த பிறகு பேசலாம். வேறு ஊர் மண்ணின் சான்றிதழை வைத்துக்கொண்டு கரிசலில் வேலை செய்ய முடியாது.

மண் ஆய்வகம்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சுண்ணாம்பு என்று முடிவெடுப்பதற்கு முன், மண்ணில் சல்பேட் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும். உங்கள் பட்டியலில் அது இல்லை. கரிசலில் ஜிப்சம் கலந்திருப்பது அரிதன்று. மண்ணை உடைத்துப் பார்த்தால் சில இடங்களில் படிகங்கள் கண்ணுக்கே தெரியும். சுண்ணாம்பின் கால்சியமும், களியிலிருந்து கரையும் அலுமினாவும், ஜிப்சத்தின் சல்பேட்டும், மழைநீரும் ஒன்றுகூடினால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். ஒரு மூலக்கூறுக்கு 26 நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் படிகம் அது. வீக்கத்தைக் குறைக்கப் போட்ட சுண்ணாம்பே அப்போது வீக்கத்துக்குக் காரணமாகிவிடும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையில், சுண்ணாம்பு கலந்த அடித்தளம் ஈராண்டுகளுக்குப் பின் ஓரடி அளவுக்குப் பொங்கி எழுந்ததை ஜே. கே. மிட்செல் 1986இல் வெளியான கட்டுரையில் விவரித்திருக்கிறார். மண் பொறியியல் படித்தவர்கள் பலருக்கும் சல்பேட் பற்றிய அச்சம் வந்தது அதற்குப் பிறகுதான்.

கரையும் சல்பேட் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் வழக்கமான முறையிலேயே சுண்ணாம்பு கலக்கலாம். அதிலிருந்து 0.8 வரை இருந்தால் கூடுதல் நீர் சேர்த்து, ஒரு வாரம் போல ஆறவிட்டு, எட்ரிங்கைட் உருவாகி முடிந்த பின் மீண்டும் கலந்து கெட்டிக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்த இடத்தில் கால்சியம் சார்ந்த எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. சிமென்டுக்கும் இது பொருந்தும். சல்பேட் சீராகப் பரவியிருப்பதில்லை, திட்டுத்திட்டாகவே இருக்கும். ஆகவே கிலோமீட்டருக்கு இரண்டு மாதிரி எடுத்துவிட்டு நிம்மதியடையாமல், நூறு நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்று என்று எடுங்கள். பழைய ஓடைகளும் நீர் தேங்கும் பள்ளங்களும் வரும் இடங்களில் இன்னும் நெருக்கமாக எடுங்கள்.

எத்தனை சதவீதம் சுண்ணாம்பு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 2 முதல் 7 சதவீதம் வரை சுண்ணாம்பு கலந்த மண் மாதிரிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அவ்வப்போது குலுக்கி, ஒரு மணி நேரத்துக்குப் பின் பி.எச். அளக்க வேண்டும். எந்தக் குறைந்த சதவீதத்தில் 12.4 வருகிறதோ அதுவே தொடக்க அளவு. ஈட்ஸ், கிரிம் இருவரும் 1966இல் வகுத்த இம்முறையைச் சாதாரண ஆய்வகத்திலும் செய்யலாம். ஆனால் இது தொடக்கம் மட்டுமே. அந்த அளவிலும் அதற்கு ஒன்று கூடுதலான அளவிலும் மாதிரிகள் செய்து, 28 நாள் பதப்படுத்தி, ஊறவைத்து, சி.பி.ஆர்., அமுக்க வலிமை, வீக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். நனைத்து உலர்த்தும் சோதனை 12 சுற்று செய்தால் இன்னும் நல்லது. நீங்கள் வாங்கப்போகும் அதே சுண்ணாம்பைக் கொண்டே இவற்றைச் செய்யுங்கள். ஆய்வகத்தின் தூய சுண்ணாம்பைக் கொண்டு செய்த முடிவு களத்தில் உங்களுக்கு உதவாது.

ஒன்றை முன்கூட்டியே உங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லி வையுங்கள். சுண்ணாம்பு கலந்ததும் உலர் அடர்த்தி குறையும், உகந்த ஈரப்பதம் கூடும். 1.52 இருந்த இடத்தில் 1.45 வந்தாலும் வியப்பில்லை. சப்கிரேடுக்குக் கன மீட்டருக்கு 17.5 கிலோநியூட்டன் (சுமார் 1.78 டன்) அடர்த்தி வேண்டும் என்ற விதியைக் காட்டி யாராவது நிராகரிக்கலாம். அந்த எண் வெளியிலிருந்து கொண்டுவரும் மண்ணைத் தேர்ந்தெடுக்க எழுதப்பட்டது. களத்தில் கெட்டிப்பைச் சுண்ணாம்பு கலந்த மண்ணின் சொந்த உச்ச அடர்த்தியோடு ஒப்பிட்டு, அதில் 97 சதவீதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரைமேசை

கிராவல் மாற்று முறையை மேலே ஒரேயடியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அது முழுக்கச் சரியன்று. ஐ.ஐ.டி. பம்பாயைச் சேர்ந்த ஆர். கே. கட்டி 1970களில் நிறுவிக் காட்டியது, வீங்காத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு மீட்டர் அளவுக்கு மேலே போட்டால், கீழே உள்ள கரிசலின் வீக்கம் பெருமளவு அடங்கிவிடும் என்பதைத்தான். கால்வாய்கள் பலவற்றில் இது கையாளப்பட்டது, ஐ.ஆர்.சி. 37இன் முந்தைய பதிப்புகளும் 0.6 முதல் 1 மீட்டர் வரை இத்தகைய அடுக்கைப் பரிந்துரைத்தன. அதில் கவனிக்க வேண்டிய சொல் "ஒட்டும் தன்மையுள்ள" என்பது. நம்மூரில் இதைக் கேட்டால் வந்து இறங்குவது வெறும் சரளையாக இருக்கும். அதில் களி மிகக் குறைவு, நீர் ஊடுருவும். பழைய ரோலர் சொல்லும் தொட்டி அப்போதுதான் உருவாகிறது. நீர் எளிதில் புகாத செம்மண் கிடைத்து, பள்ளம் தோண்டாமல் தரைமட்டத்துக்கு மேலே கரையாகப் போட முடிந்தால், இது சுண்ணாம்புக்கு எவ்விதத்திலும் குறைந்த முறையன்று.

கலவை லாரி

இதுபோன்ற வேலைகளை எடுத்துச் செய்கிறவன் நான். கணக்கையும் வேதியியலையும் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். களத்தில் கைவிட்டுப் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சுண்ணாம்பின் தரம். 500 மி.மீ. சப்கிரேடு முழுவதையும் 5 சதவீதத்தில் கலந்தால் கிலோமீட்டருக்கு 450 டன் சுண்ணாம்பு தேவைப்படும். இவ்வளவை ஒரே காளவாசலில் வாங்க முடியாது; பல இடங்களிலிருந்து வரும், தரமும் பலவாறாக இருக்கும். கால்சியம் ஆக்சைடாகக் கணக்கிட்டு 70 சதவீதமாவது தூய்மை இருக்க வேண்டும் என்பது விவரக்குறிப்பு. நீற்றிய சுண்ணாம்பைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும்; பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது, மண்ணில் ஒரு வேலையும் செய்யாது. வரும் ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி எடுத்து வையுங்கள். சுட்ட சுண்ணாம்பு வாங்கினால் எடை குறையும். அதில் 56 கிலோ, நீற்றியதில் 74 கிலோவுக்குச் சமம். ஆனால் அது மண்ணின் நீரை உறிஞ்சிச் சூடேறும். கோடையில் வறண்டு கிடக்கும் கரிசலில் அதற்கு மிகுதியான நீர் ஊற்றவேண்டியிருக்கும், வேலையாட்களின் தோலும் கண்ணும் புண்ணாகும். கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள்.

இரண்டாவது, கலக்கும் ஆழம். டிராக்டர் ரோட்டவேட்டரை வைத்தே முடித்துவிடலாம் என்று உங்கள் ஒப்பந்ததாரர் சொல்லக்கூடும். அது 100, 150 மி.மீ. வரைதான் நன்றாகக் கலக்கும். 250 மி.மீ. அடுக்கை அதைக்கொண்டு கலந்தால் மேற்பாதியில் இருமடங்கு சுண்ணாம்பும் கீழ்ப்பாதியில் வெறும் கரிசலும் இருக்கும். சாலையைச் சுரண்டிக் கலக்கும் பெரிய இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு அடுக்காகச் செய்யலாம்: மேல் 250 மி.மீ. மண்ணை ஒதுக்கிவைத்து, கீழடுக்கை அந்த இடத்திலேயே கலந்து கெட்டித்து, ஒதுக்கியதைப் பரப்பி மீண்டும் கலக்க வேண்டும். இயந்திரம் கிடைக்காவிட்டால் நான்கு மெல்லிய அடுக்குகளாகச் செய்யுங்கள். நாள் கூடும், வேறு வழியில்லை. 250 மி.மீ. அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 19 கிலோ சுண்ணாம்பு விழ வேண்டும். தரையில் ஒரு மீட்டர் சதுரத் துணி விரித்து, அதன்மேல் விழுந்ததை எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் கலவைக்குப் பின் லேசாக உருட்டி மூடி, ஒன்றிரண்டு நாள் ஈரத்தோடு ஆறவிடுங்கள். மறுபடி கலக்கும்போது கட்டிகள் எல்லாம் 26.5 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும், அதில் 80 சதவீதம் 5.6 மி.மீ. சல்லடையிலும் இறங்க வேண்டும். அதன் பின் மூன்று மணி நேரத்துக்குள் கெட்டிப்பு முடிய வேண்டும். முதலில் ஆட்டுக்கால் ரோலர் (உருளையில் முளைகள் உள்ளது), பிறகு வழுவழுப்பான ரோலர். உகந்த ஈரப்பதத்தைவிட ஓரிரு சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். உலர்ந்த பக்கத்தில் கெட்டித்த கரிசல் நீரைக் கண்டால் அதிகமாக வீங்கும். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் காத்து, அதுவரை லாரி எதையும் ஏற விடாதீர்கள்.

கலவை அடிவரை போயிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், குழி வெட்டிச் சுவரில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த இடம் இளஞ்சிவப்பாகும், சேராத இடம் கறுப்பாகவே இருக்கும். மேற்பார்வையாளரும் கூலியாட்களும் பார்க்க இதை ஒரு முறை செய்துகாட்டினால் போதும், அடுத்த நாளிலிருந்து கலவை தானாகவே சீராகிவிடும்.

கடைசியாக, உங்கள் பகுதியின் ஆடிக் காற்றை மறந்துவிடாதீர்கள். அந்தக் காற்றில் தூள் சுண்ணாம்பைப் பரப்பினால் பாதி பக்கத்து வயலில்தான் இருக்கும். அதிகாலையில் பரப்பி உடனே கலக்க வேண்டும், அல்லது நீரில் கரைத்துப் பாலாகத் தெளிக்க வேண்டும்.

வைப்பாற்றங்கரை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி நெருக்கமாக மாதிரிகள் எடுத்துப் பார்த்தோம். 5 சதவீதத்தில் பி.எச். 12.4 வருகிறது. சல்பேட் பெரும்பாலான இடங்களில் 0.2 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் கண்மாய்க் கலுங்கிலிருந்து வரும் பழைய ஓடை குறுக்கிடும் ஏறத்தாழ 300 மீட்டருக்கு 0.9 முதல் 1.1 வரை காட்டுகிறது. 5 சதவீதச் சுண்ணாம்பு கலந்த மாதிரிகளின் 28 நாள் முடிவு அடுத்த வாரம் வரும். 7 நாள் பதப்படுத்தி ஊறவைத்த மாதிரியில் சி.பி.ஆர். 14 வந்திருக்கிறது.

மூன்று ஐயங்கள் உள்ளன. அந்த 300 மீட்டரை என்ன செய்வது? தடத்தின் இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. நிழலுக்காக ஒரு வரிசையை விட்டுவைக்கலாம் என்கிறது ஆலை நிர்வாகம், அது சரியா? இப்போது நிலம் முழுவதும் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. இப்படியே வேலையைத் தொடங்கலாமா?

பழைய ரோலர்

சல்பேட் உள்ள 300 மீட்டரில் சுண்ணாம்பும் வேண்டாம், சிமென்டும் வேண்டாம். வரைமேசை சொன்ன முறையை அங்கே செய்யுங்கள். தோண்டாமல், மேல்மண்ணை மட்டும் வழித்துவிட்டு, களி கலந்த செம்மண்ணைக் கரையாக உயர்த்துங்கள். ஓடை குறுக்கிடும் இடமாதலால் எப்படியும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் அங்கே எந்த மட்டம் வரை நீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்துச் சம்சாரிகளிடம் (விவசாயிகளிடம்) கேளுங்கள். சப்கிரேடின் அடிமட்டம் அதற்கு மேல் 0.6 முதல் 1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். குழாய்ப்பாலமும் தேவைப்படும். சுண்ணாம்புப் பகுதியும் செம்மண் பகுதியும் சேருமிடத்தில் நேர்க்கோடாக வெட்டாமல், பத்துப் பதினைந்து மீட்டருக்குச் சரிவாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அமையுங்கள்.

சீமைக்கருவேலத்தில் ஒரு வரிசைகூட வேண்டாம். கோடையில் அதன் வேர் சாலைக்கு அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது ஓரம் சுருங்கி இறங்கும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்காவது எந்த மரமும் இருக்கக்கூடாது என்பது பொதுவாகக் கையாளப்படும் அளவு. வெட்டுவதோடு நிற்காமல் வேரோடு பிடுங்குங்கள். அடியோடு அறுத்துவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். நிழல் வேண்டுமானால் ஆலை வளாகத்துக்குள் வேம்பு வைத்துக்கொள்ளட்டும்.

வெடித்துக் கிடக்கும் நிலத்தில் அப்படியே தொடங்கக்கூடாது. கரிசல் அதிகமாகச் சுருங்கியிருக்கும் இந்த நேரத்தில் மூடினால், பின்னால் அது வீங்குவதற்கு மட்டுமே இடமிருக்கும். கீழடுக்கை உழுதுவிட்டு, பாத்தி கட்டி நீர் பாய்ச்சி, வெடிப்புகள் மூடும்வரை ஒரு வாரம், பத்து நாள் ஊறவிடுங்கள். மேல்பரப்பு காலில் ஒட்டாத அளவுக்கு வந்ததும் கலவையைத் தொடங்கலாம். இதனால் கால அட்டவணை தள்ளிப்போனால், சுண்ணாம்பு அடுக்குகளை மழைக்கு முன் முடித்து, மேலே வெட்மிக்ஸ் (நீர் சேர்த்துக் கலந்த ஜல்லி) பரப்பி, அதன்மேல் தார் பிரைம் கோட் (முதல் தார்ப் பூச்சு) அடித்து மூடிவிட்டு, மற்ற தார் அடுக்குகளைத் தை மாதத்தில் போடுங்கள். அவசரமாகப் புரட்டாசிக்குள் எல்லாவற்றையும் முடிப்பதைவிட அது மேல்.

7 நாளில் 14 என்பது நல்ல அறிகுறி. ஆனால் 28 நாள் மாதிரி 20 காட்டினாலும், அதை அப்படியே வடிவமைப்பில் போட வேண்டாம். அந்த அடுக்குக்குக் கீழே 1.8 உள்ள கரிசல்தான் கிடக்கிறது. ஐ.ஆர்.சி. 37 சொல்வதுபோல் இரண்டையும் சேர்த்துப் பயனுறு மதிப்பைக் கணக்கிடுங்கள். அது 7, 8ஐத் தாண்டாது என்று எதிர்பார்க்கிறேன். 8க்கு மீள்தன்மைக் குணகம் (சுமைக்கு மண் காட்டும் விறைப்பின் அளவு) சுமார் 67 மெகாபாஸ்கல் வரும்; கீழே உள்ள வெறும் கரிசலுக்கு 18தான். நீர்வடி ஜல்லி அடுக்கைத் தோள் வழியாகக் கரையின் சரிவு வரை கொண்டுபோய் வெளியில் திறந்துவிடுங்கள், தோளுக்குள் புதைத்து நிறுத்திவிடாதீர்கள். தோளின் மேற்பரப்பையும் தாரிட்டு மூடுங்கள். பக்கக் கால்வாய் கரையின் அடியை ஒட்டி ஓடாமல் தள்ளி இருக்கட்டும். அதற்குச் சரிவு கொடுக்க இடமில்லாத தட்டை நிலமாக இருந்தால், நீர் தேங்கும் கால்வாயை வெட்டுவதைவிட வெட்டாமலிருப்பதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆலை வாசலில் எடைமேடை இருக்கும் அல்லவா? அச்சுச் சுமை 20 சதவீதம் கூடினால் சாலைக்கு ஏற்படும் சேதம் இருமடங்காகும், ஏனெனில் சேதம் சுமையின் நான்காம் படியில் (1.2 × 1.2 × 1.2 × 1.2) ஏறுகிறது. 15 ஆண்டுக்கு வடிவமைத்த சாலை ஏழெட்டு ஆண்டில் முடிந்துவிடும். பொதுச்சாலையில் இதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. இங்கே ஏற்றுபவரும் எடை போடுபவரும் சாலைக்குப் பணம் தருபவரும் ஒரே நிர்வாகம்தான். வடிவமைப்புக் குறிப்பிலேயே 28.5 டன்னுக்கு மேல் மூன்று அச்சு லாரி எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்று எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.